ஆங்கிலப் பறவைப் பெயர்களின் பழைய எழுத்துக்கூட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் பழைய அச்சு, 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிள், 19ஆம் நூற்றாண்டுப் பறவையியலாளர் ஜெர்டன் காலத்து இந்தியப் பறவை நூல் என்று எதைப் புரட்டினாலும் வாசகர்களுக்கு எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே தமிழில் குறித்திருக்கிறோம். ‘பி’, ‘டி’ ஆகியவை தமிழில் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பொது என்பதால், குழம்பக்கூடிய இடத்தில் எது என்று சொல்லிவிடுகிறோம்.

பழைய புத்தகத்துல லார்க், அவுல், ஹாக் எல்லாத்துக்கும் கடைசில ஒரு ‘இ’ ஒட்டிக்கிட்டு இருக்கே, அச்சுப்பிழையா?

இல்லை. நடுக்கால ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி ‘இ’க்கு ஓசை இருந்தது. 15ஆம் நூற்றாண்டுக்குள் ஓசை போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியபோது எழுத்துக்கூட்டலுக்குப் பொது விதி எதுவும் கிடையாது. பிறகும் வெகுகாலம் அச்சுக் கோப்பவர் கைதான் விதி. உரைநடையில் வரியின் வலது ஓரம் நேராக நிற்க இடம் நிரப்ப வேண்டுமானால் ஒரு ‘இ’யைச் சேர்ப்பார், இடம் போதாவிட்டால் எடுத்துவிடுவார். ஒரே நூலில் ஒரே பறவை இரண்டு விதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிக்கும்போது மூன்று வேலை செய்தால் பாதிப் பெயர்கள் தெளிந்துவிடும். கடைசி ‘இ’யை நீக்குங்கள். இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குங்கள். நடுவில் ‘ஒய்’ இருந்தால் ‘ஐ’ போட்டுப் பாருங்கள். இரண்டு ‘என்’னும் ‘இ’யுமாக வரும் ரென், ‘ஒய்’யோடு வரும் ஃபிஞ்ச் எல்லாம் உடனே பிடிபடும். கிரேன், கைட், கூஸ் போன்றவற்றில் மட்டும் கடைசி ‘இ’யைத் தொடாதீர்கள், அது இன்றும் அங்கே வேலை செய்கிறது.

ரேவன்ல ‘வி’ வர வேண்டிய இடத்துல ‘யு’ இருக்கு. ஜே பறவைக்கு ‘ஐ’ போட்டிருக்கு. இதை எப்படிப் படிக்கிறது?

ரேவன், ஜே என்றே படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒரே எழுத்தின் இரண்டு உருவங்கள். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ‘வி’ உருவம், நடுவில் வந்தால் ‘யு’ உருவம். ஒலிக்கும் உருவத்துக்கும் தொடர்பில்லை, இடத்துக்கும் உருவத்துக்கும்தான் தொடர்பு. அதனால் ரேவன் ஆர்-ஏ-யு-இ-என், புறாவைக் குறிக்கும் டவ் டி-ஓ-யு-இ. பாறு என்னும் பறவையைக் குறிக்கும் வல்ச்சர் சொல்லில் ‘வி’ முதலிலேயே வருவதால் அது பழைய அச்சிலும் இன்றுபோலவே இருக்கும்.

‘ஐ’யும் ‘ஜே’யும் இதே கதைதான். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பாக 1623இல் அச்சான ஃபோலியோவில் ஜே பறவை ஐ-ஏ-ஒய். 1630களில்தான் இங்கிலாந்து அச்சகங்கள் இவற்றை இன்றைய முறைப்படி பிரிக்கத் தொடங்கின. டபிள்யூ எழுத்துக்கு ஈய அச்சு போதாதபோது இரண்டு ‘வி’யை அடுத்தடுத்து வைப்பதும் உண்டு.

கூஸ் இருக்க வேண்டிய இடத்துல ‘எஃப்’ போட்டு ‘கூஃப்’ மாதிரி வருது. இப்படியும் எழுதினாங்களா?

இல்லை, அது ‘எஃப்’ அல்ல, நீள ‘எஸ்’. ‘எஃப்’பின் குறுக்குக் கோடு தண்டின் இருபுறமும் நீளும். நீள ‘எஸ்’ஸில் இடப்புறம் ஒரு சிறு முனை மட்டும் இருக்கும், அதுவும் சில அச்சுகளில் இருக்காது. சொல்லின் முதலிலும் நடுவிலும் நீள ‘எஸ்’, கடைசியில் இன்றைய சுருண்ட ‘எஸ்’. பெரிய எழுத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே ஸ்னைப் என்பது பெரிய எழுத்தில் தொடங்கினால் சரியாகத் தெரியும், சிறிய எழுத்தில் தொடங்கினால் ‘எஃப்’பில் தொடங்குவது போலத் தோன்றும்.

1790களில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் இந்த உருவம் ஆங்கில அச்சிலிருந்து போய்விட்டது. பக்கத்தைக் கண்ணால் பார்க்கிறவருக்கு இது அரைமணி நேரத்தில் பழகிவிடும். கணினிக்கு எளிதில் பழகாது. அதைத் தேடல் பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

இப்போ கடையில வாங்குற ஆங்கில பைபிள்லயும் குக்கூவுக்குக் கடைசில டபிள்யூ இருக்கு. யாரும் திருத்தலையா?

திருத்தியவர்கள் இதை விட்டுவைத்தார்கள். கிங் ஜேம்ஸ் பைபிள் 1611இல் வந்தது. இன்று விற்கும் அதன் பதிப்புகள் பெரும்பாலும் 1769ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு திருத்தத்தைப் பின்பற்றுபவை. அந்தத் திருத்தத்தில் மேலே சொன்ன ‘யு’, ‘ஐ’, கடைசி ‘இ’ எல்லாம் போயின. ஆனால் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில் 16ஆம் வசனத்தின் குக்கூ டபிள்யூவோடும், 13ஆம் வசனத்தின் ஆஸ்ப்ரே கடைசியில் ‘இ-ஒய்’ இல்லாமல் ‘ஏ-ஒய்’யோடும் நின்றுவிட்டன. 18ஆம் நூற்றாண்டு வாசகருக்கு அவை பழையவையாகத் தோன்றவில்லை.

இதே ஆஸ்ப்ரே, அதாவது நம் விரால் அடிப்பான், ஷேக்ஸ்பியரின் ‘கோரியோலேனஸ்’ நாடகத்தின் 1623 அச்சில் முதல் எழுத்தே ‘ஓ’வுக்குப் பதில் ‘ஏ’யாக வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த பைபிள் வசனத்தின் குக்கூ, 1885ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் கடற்காகமாக மாறியது. அங்கே மாறியது எழுத்து அல்ல, எபிரேயச் சொல் எந்தப் பறவையைச் சொல்கிறது என்ற முடிவு. எழுத்தைச் சரிசெய்துவிட்டால் பறவையும் கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் மிகுதியாக நடக்கும் தவறு.

எந்தக் காலத்துல இருந்து ஸ்பெல்லிங் நிலையாச்சு?

ஒரே நாளில் நடக்கவில்லை. வில்லியம் டர்னர் 1544இல் லத்தீனில் வெளியிட்ட பறவை நூல் ஆங்கிலப் பெயர்களையும் தந்தது. மெரெட் 1666இல் பிரிட்டன் பறவைகளின் பட்டியலை அச்சிட்டார். வில்லுபியின் பறவையியல் நூல் லத்தீனில் 1676இலும் ஆங்கிலத்தில் 1678இலும் வந்தது. ஒரு பெயருக்கு ஒரு வடிவம் என்ற பழக்கம் இந்தப் பட்டியல்களால் மெல்ல வேர் பிடித்தது. ஜான்சனின் அகராதி வந்த 1755ஐ ஒட்டிப் பொதுச் சொற்கள் பெரும்பாலும் இன்றைய உருவத்துக்கு வந்துவிட்டன. தொலைதூர நாடுகளிலிருந்து வந்த பெயர்களுக்கு மட்டும் 20ஆம் நூற்றாண்டு வரை இழுத்தது.

டார்மிகனுக்கு முன்னால உச்சரிக்காத ‘பி’ எதுக்கு?

தவறான படிப்பாளித்தனத்தின் விளைவு. (இங்கே ‘பி’ என்பது பென் என்ற சொல்லின் முதல் எழுத்து, ‘டி’ என்பது டேபிள் என்ற சொல்லின் முதல் எழுத்து.) ஸ்காட்லாந்தின் மலைக் கோழியான இந்தப் பறவைக்குக் கேலிக் மொழிப் பெயரில் ‘பி’ கிடையாது, ‘டி’யில்தான் தொடங்கும். 1684இல் ராபர்ட் சிபால்ட், இறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவு இருப்பதாக எண்ணி முன்னால் ஒரு ‘பி’யைச் சேர்த்தார். உறவு கிடையாது, ‘பி’ மட்டும் நிலைத்துவிட்டது. ஆகவே ‘டி’யில் தொடங்கும் டார்மிகனைப் பழைய நூலில் கண்டால் அதைப் பிழை என்று குறிக்காதீர்கள், அதுதான் மூல வடிவத்துக்கு நெருக்கம்.

படித்தவர்கள் லத்தீனைப் பார்த்துத் திருத்திய பெயர்கள் வேறும் உண்டு. ஃபெசன்ட் பழைய ஆங்கிலப் பிரதிகளில் ‘எஃப்’பில் தொடங்கியது, லத்தீனை ஒட்டி ‘பி-எச்’ ஆனது. ஃபால்கனுக்கு நடுவில் ‘எல்’ இல்லாமல் ‘ஏ-யு’ மட்டும் இருந்தது. லத்தீனில் ‘எல்’ இருக்கிறதே என்று செருகினார்கள், பின்னால் அதை உச்சரிக்கவும் தொடங்கினார்கள். பிட்டர்னின் கடைசி ‘என்’னும் கார்மரன்ட்டின் கடைசி ‘டி’யும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவைதான், ஆனால் அவை பேச்சில் சேர்ந்தவை, ஏட்டில் அல்ல. சாசரின் கதைகளில் பிட்டர்னுக்கு ‘என்’ கிடையாது.

ஸ்காட்லாந்தின் இன்னொரு காட்டுக்கோழியான கேப்பர்கெய்லியின் கதை இன்னும் வேடிக்கை. பழைய நூல்களில் அதன் நடுவில் ஒரு ‘இசட்’ நிற்கும். அது உண்மையில் ‘யோக்’ என்ற வழக்கொழிந்த எழுத்து, ‘ய’ போன்ற ஒலி உடையது. ஸ்காட்லாந்து அச்சகங்களில் அந்த எழுத்துக்கு ஈய அச்சு இல்லாததால், உருவத்தில் நெருங்கிய ‘இசட்’டை வைத்தார்கள். எனவே அந்த ‘இசட்’டை உச்சரிக்கக் கூடாது. மென்சீஸ் என்று எழுதி ‘மிங்கிஸ்’ என்று சொல்லும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரிலும் இதே ‘இசட்’தான்.

டிட்மவுஸ்ல எலி எங்கே வந்தது? வீட்டியர்ல கோதுமை எங்கே வந்தது?

எலியும் இல்லை, கோதுமையும் இல்லை. பொருள் மறந்துபோன பகுதியைத் தெரிந்த சொல்லாக மக்கள் மாற்றிக்கொண்டார்கள். டிட்மவுஸின் பின்பாதி, ‘யு’ இல்லாமல் எம்-ஓ-எஸ்-இ என்று எழுதப்பட்ட ஒரு பழைய சொல். அந்தச் சிட்டு வகைக்கே அதுதான் பெயர். அது வழக்கொழிந்தபின் ‘மவுஸ்’ ஆனது, பன்மையும் எலியைப் போலவே ‘டிட்மைஸ்’ ஆகிவிட்டது. பிரிட்டனில் இன்று ‘டிட்’ என்று சுருக்கிவிட்டார்கள், அமெரிக்கா முழுப் பெயரையும் வைத்திருக்கிறது.

வீட்டியர் பறவையின் பெயர் ‘வெள்ளைப் பின்புறம்’ என்று பச்சையாகச் சொல்லும் இரண்டு சொற்களிலிருந்து வந்தது. பறக்கும்போது வாலடியில் பளிச்சென்று தெரியும் வெள்ளைக்காக வைத்த பெயர். விக்டோரியா காலத்துக் கூச்சத்தால் மாற்றினார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல. கோதுமையையும் காதையும் நினைவூட்டும் வடிவம் 16ஆம் நூற்றாண்டிலேயே கிடைக்கிறது. முதலில் கடைசியில் ஒரு ‘எஸ்’ இருந்தது, அதைப் பன்மை என்று நினைத்து நீக்கியதில் இன்றைய ஒருமை பிறந்தது.

லாப்விங், நம் ஆட்காட்டியின் இனம், பழைய ஆங்கிலத்தில் ‘துள்ளி அசைவது’ என்ற பொருளில் இருந்தது. ‘கே’ ஒலி இருந்த அதன் பின்பாதி, சிறகைக் குறிக்கும் ‘விங்’ என்று மாறியது. நட்ஹாட்ச் முன்பு ‘கே’யில் முடிந்தது, கொட்டையைக் கொத்துவது என்று பொருள். ரெட்ஸ்டார்ட்டில் எழுத்து அதிகம் மாறவில்லை, ஆனால் ‘ஸ்டார்ட்’ என்றால் வால் என்பது யாருக்கும் நினைவில்லை. யெல்லோஹாமரில் சுத்தியல் கிடையாது. ‘எச்’ பின்னால் சேர்ந்தது என்று கருதி அதை நீக்கிவிட வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் யாரெல் தம் நூலில் முயன்று பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

பேர்ட்ங்கிற சொல்லையே பி-ஆர்-ஐ-டி-னு எழுதியிருக்காங்களே?

அதுதான் பழையது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆர்’ முன்னால் இருந்தது, பிறகு உயிரோடு இடம் மாறிக்கொண்டது. அதன் பொருளும் அப்போது பறவைக் குஞ்சு. பறவை என்பதற்குப் பொதுச் சொல் ‘ஃபவுல்’. ஆகவே மிகப் பழைய பிரதியில் இந்தச் சொல் வந்தால் ‘குஞ்சு’ என்று பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். ரென் என்ற சொல்லிலும் ‘ஆர்’ இப்படி இரண்டு இடத்தில் காணப்படும்.

முதல் எழுத்தே மாறியிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு காரணங்களைச் சோதியுங்கள். ஒன்று, முன்னால் ஒட்டிய அல்லது உதிர்ந்த ‘எச்’, ‘டபிள்யூ’. ‘மாக்பெத்’ சூனியக்காரிகளின் கொப்பரையில் விழும் ஆந்தைக்குஞ்சு ‘எச்’சோடு தொடங்குகிறது. ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ பாட்டில் ஊசல் பறவை ‘டபிள்யூ’வோடு தொடங்குகிறது.

மற்றது, முன்னால் வரும் ‘ஏ’, ‘ஆன்’ என்னும் சுட்டுகளிலிருந்து ‘என்’ இடம் மாறுவது. பயிற்சிக்காகக் கூட்டிலிருந்து எடுத்த வல்லூறுக் குஞ்சுக்கு வேட்டைக்காரர்கள் வைத்த பிரெஞ்சுப் பெயர் ‘என்’னில் தொடங்கியது. அந்த ‘என்’ சுட்டோடு போய்விட, ‘ஐயஸ்’ மிஞ்சியது. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் சிறுவர் நடிகர்களைக் கேலி செய்யும் இடத்தில் அது ‘ஒய்’யில் தொடங்கும் இன்னொரு வடிவில் இருக்கிறது.

சரி, எழுத்து புரிஞ்சிடுச்சு. அது இன்னைக்கு எந்தப் பறவைன்னு எப்படி உறுதிப்படுத்துறது?

முதலில் நூலின் ஆண்டையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, வரியில் உள்ள நிறம், அலகு, கூடு, வாழிடம், குரல், பருவம் ஆகியவற்றைத் தனியே குறியுங்கள். மூன்றாவது, அந்தக் காலத்து அகராதி வடிவத்தோடு பெயரை ஒப்பிடுங்கள். நான்காவது, அந்தப் பறவை அந்த ஊரில் அந்தப் பருவத்தில் இருக்குமா என்று பாருங்கள். பெயரும் விவரிப்பும் மோதினால் விவரிப்புக்கே முதலிடம்.

மேலே சொன்ன ஊசல் நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய பறவைக் கையேட்டில் ‘ரிங் ஊசல்’ என்று ஒன்று உண்டு, அவசரக்காரர் அதைப் போட்டுவிடுவார். ஆனால் பாட்டிலேயே கரிய உடல், ஆரஞ்சுப் பழுப்பு அலகு என்று இருக்கிறது. ரிங் ஊசலுக்கு மார்பில் வெள்ளைப் பிறை உண்டு, அது பாட்டில் இல்லை. இங்கே ஊசல் என்றால் ஐரோப்பியத் தோட்டங்களின் சாதாரணக் கரும்பறவை, ‘பிளாக்பேர்ட்’.

எழுத்து அப்படியே இருந்தும் பறவை வேறயா இருக்குமா?

இருக்கும், இதுதான் ஆபத்தானது. எழுத்து விசித்திரமாக இருந்தால் நாம் எச்சரிக்கையாகிவிடுவோம், தெரிந்த சொல்லாக இருந்தால் ஏமாறுவோம். ‘பெங்குயின்’ முதலில் வட அட்லாண்டிக்கின் பறக்காத பெரிய ஆக் பறவையின் பெயர். 1844இல் ஐஸ்லாந்தை ஒட்டிய எல்டே தீவில் கடைசி இணை கொல்லப்பட்ட அந்த இனத்தின் அறிவியல் பெயர் இன்றும் ‘பிங்குயினஸ்’. தெற்கே போன மாலுமிகள் அதே பெயரை வேறு பறவைக்கு வைத்தார்கள். ‘பஃபின்’ முன்பு உப்பிட்டு விற்ற, ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் குஞ்சுகளைக் குறித்தது. மாங்க்ஸ் ஷியர்வாட்டரின் அறிவியல் பெயர் ‘பஃபினஸ் பஃபினஸ்’ என்று இருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

‘எமு’ என்பது 19ஆம் நூற்றாண்டு நூல்களில் கடைசி ‘யு’வுக்கு முன் கூடுதலாக ஒரு ‘இ’யோடு வரும். அதற்கும் முந்தைய பயண நூல்களில் அது காசோவரியைக் குறிக்கலாம். ‘பீவிட்’ லாப்விங்காகவும் இருக்கலாம், கருந்தலைக் கடற்காகமாகவும் இருக்கலாம். கூடு மேட்டிலா தீவிலா, குஞ்சைப் பிடித்து விருந்துக்குக் கொழுக்க வைத்தார்களா என்று பாருங்கள். விருந்து என்றால் பெரும்பாலும் கடற்காகம்.

பழைய எழுத்துக்கும் உண்மையான அச்சுப்பிழைக்கும் என்ன வித்தியாசம்?

பழைய எழுத்து வேறு நூல்களிலும் வரும், பிழை அந்த ஒரு இடத்தோடு நின்றுவிடும். ‘மாக்பெத்’ நாடகத்தில் பாங்க்கோ கோட்டைச் சுவரில் தொங்கும் கூடுகளைக் காட்டிப் பேசும் இடத்தில் 1623 அச்சு ‘பார்லெட்’ என்று ஒரு பறவையைச் சொல்கிறது. அப்படி ஒரு பறவை கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலஸ் ரோ அதை ‘மார்ட்லெட்’ என்று திருத்தினார், இன்றுவரை எல்லாரும் அதையே ஏற்கிறார்கள். ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் அதே ஆசிரியர் வெளிச்சுவரில் கூடு கட்டும் மார்ட்லெட்டைச் சொல்லியிருப்பது இந்தத் திருத்தத்துக்குப் பலம். வேறு நூலில் தேடுவது, அதே ஆசிரியரிடம் தேடுவது, விவரிப்போடு ஒப்பிடுவது ஆகிய மூன்றும் முடிந்தபின்தான் ‘பிழை’ என்று எழுத வேண்டும்.

ஹாம்லெட்ல வர்ற ரம்பம் உண்மையிலே நாரையாமே?

பருந்துக்கும் ரம்பத்துக்கும் வித்தியாசம் தெரியும் என்று ஹாம்லெட் சொல்லும் வரி அது. ‘ஹாண்ட்சா’ என்று அச்சில் உள்ளது கைரம்பம். நாரைக்கு ‘ஹெர்ன்ஷா’ என்ற பழைய பெயரும், நார்ஃபோக் வட்டாரத்தில் ‘ஹார்ன்சர்’ என்ற வழக்கும் உண்டு. பருந்தோடு சேர்த்துச் சொல்ல நாரை பொருந்துகிறது, வல்லூறை விட்டு நாரையை வேட்டையாடுவது அக்கால வழக்கம்.

ஆனால் முந்தைய கேள்வியின் சோதனையை வையுங்கள். நாரை என்ற பொருளில் ‘ஹாண்ட்சா’ என்ற எழுத்து இந்த வரிக்கு வெளியே காட்டப்படவில்லை. பைத்தியக்கார வேடம் போடுகிறவன் பொருந்தாத இரண்டைச் சேர்த்துச் சொல்வதும் இயல்புதான். மொழிபெயர்ப்பவர் ரம்பத்தை உள்ளே வைத்து நாரையை அடிக்குறிப்பில் வைப்பது நல்லது.

இந்தியப் பறவை நூல்கள்ல கிளிக்கு, மைனாவுக்கு ஏன் இத்தனை ஸ்பெல்லிங்?

இந்திய மொழிப் பெயர்களைக் காதால் கேட்டு ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி எழுதினார்கள். மைனாவுக்கு ‘ஏ-ஐ’, ‘ஐ’, ‘ஒய்’ என்று நடு உயிர் மூன்று விதமாகவும், கடைசியில் ‘எச்’ இருந்தும் இல்லாமலும் கிடைக்கும். இன்றைய பட்டியல்களில் ‘ஒய்’ உண்டு, ‘எச்’ இல்லை. சாரஸ் கொக்கை பாரசீக மன்னர் சைரஸின் பெயர் போலவே எழுதியவர்கள் உண்டு. யூல், பர்னல் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ சொற்களஞ்சியம் அந்த வடிவத்தையே தலைப்புச் சொல்லாக வைத்திருக்கிறது. வேட்டைக் குறிப்பில் யாரோ சைரஸைச் சுட்டதாக வந்தால் பதற வேண்டாம்.

பாரகீட் இந்தியப் பெயர் அல்ல, ஐரோப்பாவிலிருந்து வந்தது. ‘ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ வரிசையில் 1895இல் பிளான்ஃபோர்டு எழுதிய தொகுதியில் நம் பச்சைக்கிளி நடுவில் ‘க்யூ’ உள்ள ‘பாரக்கெட்’ வடிவில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகார் இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டுப் பறவையியலாளர் ஜான் கோல்டு தம் நூலில் எழுதிய ‘பெட்செரிகா’ வடிவத்தில் இன்றைய எழுத்துக்கூட்டலின் நடுவில் உள்ள ‘டி-ஜி’யே கிடையாது.

அறிவியல் பெயரிலும் பழைய ஸ்பெல்லிங்கைத் திருத்தலாமா? பனங்காடைக்கு ‘எச்’ இருக்கு, பாறுக்கு இல்லையே.

திருத்தக் கூடாது. விலங்குப் பெயரிடல் விதிப்படி முதலில் வெளியிட்டவர் எழுதிய எழுத்தே சரியானது, ஊர்ப் பெயரை அவர் எப்படி எழுதியிருந்தாலும் சரி. லின்னேயஸ் 1758இல் பனங்காடை, மயில் உள்ளான், பொன்முதுகு மரங்கொத்தி ஆகியவற்றுக்கு வங்காளப் பெயரை ‘ஜி’க்குப் பின் ‘எச்’சோடு எழுதினார். க்மெலின் 1788இல் வெண்முதுகுப் பாறுக்கு ‘எச்’ இல்லாமல் எழுதினார். இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். கள அறிக்கைகளில் மிகுதியாகப் பிழை வரும் இடம் இது. தட்டச்சு செய்யும்போது ஒன்றைப் பார்த்து மற்றதையும் ‘சரிசெய்து’விடுகிறார்கள்.

கௌதாரியின் பெயரில் புதுச்சேரி ‘சி-எச்’ இல்லாமல் வெறும் ‘சி’யோடு இருப்பதும் இதனால்தான். குள்ளத்தாராவும் மழைக்காடையும் சோழமண்டலக் கரையின் பெயரைச் சுமந்தாலும் விகுதி வேறு வேறு. வெண்புருவ வாலாட்டியின் பெயரில் ‘மதராசபட்டினம்’ ஒளிந்திருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் அறுவை மருத்துவர் எட்வர்ட் பல்க்லி அனுப்பிய படங்களைக் கொண்டு ஜான் ரேயின் 1713ஆம் ஆண்டு நூலில் மதராஸ் பறவைகளுக்கு ஒரு பகுதி வந்தது. நகரப் பெயரின் அந்த லத்தீன் உருவம் இன்றும் வாலாட்டியோடு வாழ்கிறது. பேரினத்தின் இலக்கணப் பாலுக்கு ஏற்ப விகுதி மாறுவது மட்டும் விதிக்கு உட்பட்டது. டார்மிகனின் இனப் பெயர் ‘மியூட்டஸ்’ என்பதிலிருந்து ‘மியூட்டா’ ஆனது அப்படித்தான்.

இணையத்துல பழைய நூல்கள்ல தேடினா ஒண்ணுமே கிடைக்க மாட்டேங்குது. எப்படித் தேடணும்?

ஒரே வடிவத்தில் தேடாதீர்கள். ஒரு பெயருக்கு ஐந்தாறு வடிவங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைய எழுத்து, கடைசியில் ‘இ’ சேர்த்தது, ‘வி’க்கு ‘யு’ போட்டது, ‘ஐ’க்கு ‘ஒய்’ போட்டது, ‘எஸ்’ஸுக்கு ‘எஃப்’ போட்டது, இணைகோட்டால் பிரித்தது. 1800க்கு முந்தைய நூலின் படத்திலிருந்து கணினி எழுத்தெடுக்கும்போது நீள ‘எஸ்’ஸை ‘எஃப்’ என்றே படிக்கும் என்பதால், கூஸ், பஸ்டர்ட், ஸ்வாலோ எல்லாவற்றையும் ‘எஃப்’ போட்டும் தேடுங்கள். வரி முடிவில் உடைந்த பெயர் முழுதாகக் கிடைக்காது, பாதிச் சொல்லைத் தேடுங்கள்.

பழைய உயிரியல் நூல்களை இணையத்தில் தரும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியில் வேறு வழி உண்டு. அது பக்கங்களில் உள்ள அறிவியல் பெயர்களைத் தானே அடையாளம் கண்டு அட்டவணைப்படுத்துகிறது. ஆங்கிலப் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் அக்காலத்து அறிவியல் பெயரைக் கொடுத்தால் பக்கம் கிடைக்கும். பச்சைக்கிளிக்கு இன்றைய ‘சிட்டாகுலா’வோடு பழைய ‘பேலியோர்னிஸ்’ என்பதையும் தேட வேண்டும். 1758க்கு முந்தைய நூல்களுக்கு இந்த வழி உதவாது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில பழைய வடிவத்துக்கு முன்னால 5, 6, 7-னு எண் இருக்கே, பொருள் எண்ணா?

இல்லை, நூற்றாண்டு. பழைய பதிப்புகளில் 1 என்றால் 1100க்கு முன், 2 என்றால் 12ஆம் நூற்றாண்டு, 5 என்றால் 15ஆம் நூற்றாண்டு, அதாவது 1400களின் காலம். இணையத்தில் திருத்தப்பட்ட பதிவுகளில் 15 என்று இருந்தால் அது 1500களைக் குறிக்கும், அதாவது 16ஆம் நூற்றாண்டு. இரண்டையும் கலந்தால் நூறு ஆண்டு பிசகிவிடும். சொல்லுக்கு முன் கத்தி போன்ற குறி இருந்தால் அது வழக்கொழிந்தது.

ஹெரானுக்கு முன்னால வர்ற ‘கிரே’யில ‘ஏ’யா ‘இ’யா? இதுல எது பழசு?

இரண்டும் இன்று வழக்கில் உள்ளவை. ‘ஏ’ அமெரிக்க வழக்கு, ‘இ’ பிரிட்டன், இந்திய வழக்கு. பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் தளத்தில் விருப்பங்கள் பகுதிக்குப் போய்ப் பறவைப் பெயர்களுக்கு இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ‘இ’ வரும். விசிலிங் டக் போன்ற பெயர்களில் இணைகோடு போடுவதும் விடுவதும் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். எந்தப் பட்டியலை, எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்று அறிக்கையின் முதலில் சொல்லிவிட்டு, கடைசி வரை அதையே வையுங்கள்.

கட்டுரையில மேற்கோள் காட்டும்போது பழைய எழுத்தை வைக்கணுமா, மாத்தணுமா? தமிழ்ல எப்படி எழுதுறது?

மேற்கோள் குறிக்குள் ‘யு’, ‘ஐ’, கடைசி ‘இ’ எல்லாம் உள்ளபடி இருக்கட்டும். நீள ‘எஸ்’ஸை மட்டும் சாதாரண ‘எஸ்’ ஆக்கலாம், அது எழுத்தின் உருவ வேறுபாடுதான். ‘எஃப்’ என்று அச்சிட்டால்தான் பிழை. சந்தேகத்துக்குரிய ஒரு பெயருக்கு மட்டும் அடைப்புக்குள் ‘உள்ளபடி’ என்று போடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் போட்டால் பக்கம் படிக்க முடியாததாகிவிடும். 1623 அச்சிலிருந்து எடுத்தீர்களா, நவீனப் பதிப்பிலிருந்தா என்பதையும் சொல்லுங்கள்.

தமிழில் எழுதும்போது பழைய எழுத்தை ஒலிபெயர்க்க வேண்டாம். பறவையை உறுதிசெய்து, அதே இனத்துக்குத் தமிழ்ப் பெயர் இருந்தால் அதைப் போடுங்கள். உறவினப் பறவை மட்டும் நம் ஊரில் இருந்தால் பொதுப் பெயர் போதும். லாப்விங்குக்கு ‘ஆட்காட்டி’ சரி, ‘சிவப்பு மூக்கு ஆட்காட்டி’ தவறு, அது இங்கிலாந்தில் கிடையாது. பெயர் அகரவரிசை சேர்ப்பதானால் பழைய வடிவங்கள் ஒவ்வொன்றையும் தனிப் பதிவாக வைத்து, இன்றைய பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பக்க எண் வேண்டாம், எண்கள் எல்லாம் இன்றைய பெயரின் கீழ் ஒரே இடத்தில் இருக்கட்டும்.